கிளியர் லேக்கில் யாருடைய வசந்தம்?

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, கலிஃபோர்னியாவின் கடலோர மலைகளுக்கு நடுவில் கிளியர் லேக் என்ற ஏரி இருக்கிறது. முழுவதும் கலிஃபோர்னியாவுக்குள்ளேயே அடங்கிய இயற்கையான நன்னீர் ஏரிகளில் இதுவே பெரியது. பரப்பளவு ஏறக்குறைய 68 சதுர மைல். தென்கரையில் கொனாக்டை என்ற எரிமலை நிற்கிறது. ஏரி அகலமானதே தவிர ஆழமானது அல்ல. சராசரி ஆழம் எட்டு மீட்டர் அளவுதான். அடியில் படிந்த வண்டலைத் துளைத்தெடுத்து ஆராய்ந்தவர்கள், ஏறக்குறைய 4,80,000 ஆண்டுகளாக இந்த இடத்தில் ஏதோ ஒரு வடிவில் ஏரி இருந்துவந்திருக்கிறது என்று கணித்திருக்கிறார்கள். இவ்வளவு பழைய நீர்நிலை இன்று அமெரிக்கர்களிடையே அறியப்படுவது ஒரே ஒரு காரணத்துக்காக: வசந்தத்தில் இங்கே கிடைக்கும் பாஸ் மீன். குளிர்காலம் முடிந்து தண்ணீரின் வெப்பம் 15, 16 டிகிரி செல்சியஸைத் தொட்டதும், அகன்ற வாய் கொண்ட அந்த மீன் ஆழத்தை விட்டுக் கரையோரம் வருகிறது. ஆண் மீன் வாலால் அடித்தளத்தைத் துடைத்து வட்டமாகப் பள்ளம் பறிக்கிறது. பெண் மீன் அதில் முட்டையிட்டுவிட்டுப் போக, ஆண் மீனே காவலுக்கு நிற்கிறது. அந்த நேரத்தில் அது பசியால் மட்டும் தூண்டிலைக் கவ்வுவதில்லை, முட்டைகளைக் காக்கும் ஆவேசத்தாலும் கவ்வுகிறது. கோடையின் பாசி படர்வதற்கு முன், கோரைப் புதர்களுக்கும் படகுத் துறைகளுக்கும் அருகில் தண்ணீர் தெளிந்திருக்கும் நாட்களில், படகின் முனையில் நின்று அந்தப் பள்ளங்களைக் கண்ணாலேயே தேடிப் பிடிப்பவர்கள் உண்டு. மேற்குப் பகுதியின் பாஸ் தலைநகரம் என்று உள்ளூரார் தங்கள் ஏரியைப் பெருமையோடு அழைக்கிறார்கள்.

அந்தப் பெருமையில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வசந்த நாளில் ஏரியில் காண்பதெல்லாம் இயற்கை தந்த கொடை என்று நினைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. தூண்டிலில் சிக்கும் மீன், அது தின்று கொழுக்கும் சிறு மீன்கள், பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடும் வழக்கம் ஆகிய மூன்றும் கடந்த 150 ஆண்டுகளுக்குள் மனிதர்கள் கொண்டுவந்து சேர்த்தவை. அவை சேர்ந்த அதே காலத்தில், அதே மாதங்களில் முட்டையிட வேண்டிய வேறொரு மீனின் வசந்தம் குறுகிக்கொண்டே போயிற்று. இந்த ஏரியின் வசந்தத் தண்ணீரில் முதல் உரிமை அந்த மீனுக்கே என்பது என் வாதம். பாஸ் பிடிப்பவர்கள்மீது வழக்குத் தொடுப்பது இதன் நோக்கம் அல்ல. தாங்கள் விரும்பும் ஏரி எப்படி உருவானது என்று அறிந்தால், அந்த மீனுக்காக முதலில் பேச வேண்டியவர்கள் தாங்களே என்பதை அவர்களே ஏற்பார்கள்.

அந்த மீனின் பெயர் ஹிட்ச். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளி நிறம், முப்பது, முப்பத்தைந்து சென்டிமீட்டர் வரை வளரும். கிளியர் லேக்கில் வாழும் வகை உலகில் வேறெங்கும் கிடையாது. ஆண்டு முழுவதும் ஏரியில் திரிந்தாலும் முட்டையிட அது ஓடைகளைத்தான் நம்பியிருக்கிறது. பிப்ரவரி, மார்ச் மழையில் கெல்ஸி, அடோபி, ஸ்காட்ஸ், மிடில் முதலிய ஓடைகள் பெருகும்போது கூட்டம் கூட்டமாக எதிர்நீச்சலிட்டு ஏறி, கூழாங்கல் படிந்த ஆழமற்ற இடங்களில் முட்டையிட்டுத் திரும்பும். குஞ்சுகள் பொரிந்து, ஓடை வற்றுவதற்குள் ஏரிக்கு வந்து சேர வேண்டும். வந்ததும் உடனே நடு ஏரிக்குப் போவதில்லை; சில வாரங்கள் கரையோரக் கோரைகளுக்குள் ஒளிந்து வளர்கின்றன. ஆக, இந்த மீனுக்குத் தேவை இரண்டு: வசந்தத்தில் ஓடும் ஓடை, கரையில் அடர்ந்த கோரை. ஏரியைச் சுற்றிப் பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவரும் போமோ மக்களின் வாழ்க்கையும் இந்த இரண்டையும் சார்ந்தே அமைந்தது. டூலி என்ற கோரையால் படகும் குடிசையும் உடையும் செய்தார்கள். ஹிட்ச் ஏறும் காலத்தில் குடும்பங்கள் ஓடைக்கரையில் கூடிப் பின்னிய கூடைகளாலும் பொறிகளாலும் மீனை வாரி, வெயிலில் உலர்த்தி, ஆண்டு முழுவதற்கும் சேமித்தார்கள். அண்டை இனத்தாரோடு பண்டமாற்றும் செய்தார்கள். இந்த ஏரியில் மீன்பிடி வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. பாஸ் மீனின் கதை அதன் கடைசி அத்தியாயங்களில்தான் வருகிறது.

முறிவு ஏற்பட்டதும் ஒரு வசந்தத்தில்தான். 1840-களின் பிற்பகுதியில் ஆண்ட்ரூ கெல்ஸி, சார்லஸ் ஸ்டோன் என்ற இரு குடியேறிகள் ஏரிக்கரையில் கால்நடைப் பண்ணை அமைத்து, போமோ மக்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கினார்கள். பசியும் சவுக்கடியும் பொறுக்காமல் 1849-இன் இறுதியில் போமோக்கள் அவ்விருவரையும் கொன்றார்கள். பழிவாங்க வந்த அமெரிக்க ராணுவம், கேப்டன் நத்தானியல் லயனின் தலைமையில், 1850 மே 15 அன்று ஏரியின் வடமுனையில் ஒரு தீவில் இருந்த மக்களைச் சுட்டும் குத்தியும் கொன்றது. மாண்டவர்கள் 60 பேர் முதல் 200-க்கு மேல் வரை என்று கணக்குகள் வேறுபடுகின்றன. பெண்களும் குழந்தைகளும் அவர்களில் அடக்கம். கெல்ஸியின் கொலையோடு பெரும்பாலோருக்குத் தொடர்பே இல்லை. நிக்கா என்ற ஆறு வயதுச் சிறுமி தண்ணீருக்குள் மூழ்கி, கோரைத் தண்டு வழியாக மூச்சு விட்டுப் பிழைத்தாள். அவளுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அந்தக் கரையில் வாழ்கிறார்கள். 1942-இல் அங்கே வைக்கப்பட்ட பலகை இதைச் சண்டை என்றது. அது படுகொலை என்று அரசின் புதிய பலகை ஒப்புக்கொள்ள 2005 வரை ஆயிற்று. கெல்ஸியின் பெயரோ ஊருக்கும் நிலைத்தது, ஓடைக்கும் நிலைத்தது. ஹிட்ச் முட்டையிட ஏறும் முக்கியமான ஓடைகளில் ஒன்று அவன் பெயரில்தான் இன்றும் ஓடுகிறது. மீன்பிடி பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். ஏரியை அதன் மீன்களோடு சேர்த்து அறிந்திருந்த மக்களின் கையிலிருந்து அதன் நிர்வாகம் பறிக்கப்பட்ட நாள் அது. அதன் பிறகு நடந்த ஒவ்வொரு மாற்றமும் அவர்களைக் கேட்காமலேயே நடந்தது.

மாற்றங்களில் முதலாவது மீன்கள். கிழக்கிலிருந்து வந்த குடியேறிகளுக்குக் கலிஃபோர்னியாவின் மீன்கள் பழக்கமில்லாதவை, சுவையற்றவை என்று தோன்றின. 1869-இல் கண்டம் கடக்கும் ரயில்பாதை முடிந்ததும் தங்கள் ஊர் மீன்களை ரயிலேற்றிக் கொண்டுவரத் துணிந்தார்கள். 1871-இல் அமெரிக்க மீன் ஆணையம் அமைந்தது. லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்ற மீன்வளர்ப்பாளர் 1873-இல் ஒரு ரயில்பெட்டி நிறைய உயிர்மீன்களோடு புறப்பட்டார்; நெப்ராஸ்காவில் பாலம் இடிந்து பெட்டி எல்க்ஹார்ன் ஆற்றில் விழ, மீன்கள் அங்கேயே போயின. மறு ஆண்டே அவர் மறுபடி கிளம்பி வெற்றி கண்டார். கெளுத்தியும் சிறுவாய் பாஸும் 1874-இல் அப்படித்தான் கலிஃபோர்னியாவை அடைந்தன. ராக்கி மலைகளுக்குக் கிழக்கே பிறந்த பெருவாய் பாஸ் அந்த நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தது. ஜேம்ஸ் ஹென்ஷால் 1881-இல் கறுப்பு பாஸைப் பற்றித் தனி நூலே எழுதி, தூண்டிலாளருக்கு அதைவிடச் சிறந்த மீனில்லை என்று நாட்டையே நம்பவைத்திருந்த காலம் அது. அதோடு கார்ப், கிராப்பி, புளூகில் எல்லாம் கிளியர் லேக்கில் சேர்ந்தன. அந்தக் குடியேறிகளின் ஆர்வத்தை நான் பழிக்கமாட்டேன்; உணவைப் பெருக்குவதாகவே அவர்கள் எண்ணினார்கள். ஆனால் விளைவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாஸ் சேர்ந்த குடும்பத்தில் ராக்கி மலைகளுக்கு மேற்கே இயல்பாக வாழ்ந்த மீன் ஒன்றே ஒன்றுதான், சாக்ரமெண்டோ பெர்ச். அதுவும் வசந்தத்தில் கரையோரம் முட்டையிட்டுக் காவல் காக்கும் மீன். கிழக்கிலிருந்து வந்த உறவினங்களோடு இரைக்கும் இடத்துக்கும் போட்டியிட முடியாமல் கிளியர் லேக்கில் அது அருகிப்போயிற்று.

ஏரியின் உடலும் மாறியது. வடக்கே பரந்திருந்த சதுப்பு நிலங்கள் கரை கட்டி வடிக்கப்பட்டு வயல்களாயின; படுகொலை நடந்த தீவு இன்று வறண்ட நிலத்தில் ஒரு மேடு. 1914-இல் கேச் கிரீக் என்ற ஓடையில் எழுந்த அணை ஏரியின் நீர்மட்டத்தைக் கீழே உள்ள வேளாண்மைக்குக் கட்டுப்படுத்தியது. கிழக்குக் கிளையின் கரையில், போமோக்களின் எலெம் குடியிருப்புக்கு அடுத்து, 1860-களில் கந்தகச் சுரங்கம் தொடங்கி, 1870-களில் பாதரசச் சுரங்கமாக மாறி, 1957 வரை விட்டுவிட்டு இயங்கியது. அது விட்டுச்சென்ற பாதரசம் வண்டலிலிருந்து மீனுக்கு ஏறி, பெரிய பாஸ் மீன்களை அளவாகவே உண்ண வேண்டும் என்று 1980-களில் அரசு எச்சரிக்கும் நிலை வந்தது. 1990-இல் அந்தச் சுரங்கம் மத்திய அரசின் அபாயக் கழிவிடங்களின் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் என் வாதத்துக்கு மிக நெருங்கிய சான்று ஒரு பூச்சியின் கதையில் இருக்கிறது. கொசுவுக்கு உறவான, ஆனால் கடிக்காத ஒரு சிறு பூச்சி இந்த ஏரியின் சேற்றில் கோடிக்கணக்கில் பிறந்து, கோடை மாலைகளில் விளக்குகளைச் சூழ்ந்து மொய்க்கும். அது யாருக்கும் நோய் தரவில்லை. தூண்டில்காரர்களுக்கும் கரையோர விடுதிகளுக்கு வந்தவர்களுக்கும் தொந்தரவாக இருந்தது, அவ்வளவே. அதற்காக 1949-இல், DDT-யின் உறவான, மீனுக்கு அதைவிடத் தீங்கு குறைந்தது என்று நம்பப்பட்ட DDD என்ற நஞ்சை ஏரியில் கலந்தார்கள். ஏழு கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு நஞ்சு. பூச்சி ஒழிந்தது போலிருந்து திரும்பி வந்தது. 1954-இல் ஐந்து கோடிக்கு ஒன்று என்று அளவைக் கூட்டினார்கள். 1957-இல் மூன்றாம் முறையும் கலந்தார்கள். 1954 குளிர்காலத்தில் முக்குளிப்பான் பறவைகள் நூற்றுக்கு மேல் செத்து மிதந்தன. காரணம் தெரியவில்லை. பின்னர் இறந்த பறவைகளின் கொழுப்பைச் சோதித்தபோது பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு நஞ்சு இருந்தது. தண்ணீரில் கண்டறியவே முடியாத அளவு, மிதவை நுண்ணுயிர்களில் 5 பங்காகவும், செடி தின்னும் மீன்களில் 40 முதல் 300 வரையாகவும், ஊன் தின்னும் கெளுத்தி ஒன்றில் 2,500 ஆகவும் படிப்படியாக ஏறியிருந்தது. முன்பு ஆயிரம் ஜோடிகள் கூடு கட்டிய ஏரியில் 1960-இல் ஏறக்குறைய முப்பது ஜோடிகளே மிஞ்சின. அவற்றுக்கும் குஞ்சு இல்லை. ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட ‘சைலன்ட் ஸ்பிரிங்’ நூலில் உணவுச்சங்கிலி வழியே நஞ்சு திரளும் விதத்தை உலகுக்கு விளக்க எடுத்துக்கொண்ட முதன்மையான எடுத்துக்காட்டுகளில் இந்த ஏரி ஒன்று. பொழுதுபோக்குக்கு வந்தவர்களின் வசதிக்காக ஏரி முழுவதையும் மாற்றலாம் என்ற துணிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த பாடம் அறிவியல் வரலாற்றில் அதிகம் இல்லை.

அந்தப் பாடத்தைப் பாதிதான் கற்றார்கள். DDD-ஐக் கைவிட்ட பின், பூச்சியைத் தின்னட்டும் என்று 1967-இல் சில்வர்சைட் என்ற சிறு மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். மிகச் சில ஆண்டுகளில் அது கரையோரத்தின் பெரும்பான்மை மீனாகப் பெருகியது. கோரைகளுக்குள் வளரும் ஹிட்ச் குஞ்சுகள் உண்ணும் அதே இரையைத்தான் அதுவும் உண்கிறது. இந்த ஏரிக்கே உரிய ஸ்பிளிட்டெய்ல் என்ற இன்னொரு கெண்டை, ஓடைகள் சீக்கிரம் வற்றியதால் ஏற்கெனவே நலிந்திருந்தது. 1970-களுக்குப் பின் யாரும் அதைப் பார்க்கவில்லை. அது உலகிலிருந்தே மறைந்துவிட்டது. 1980-களில் த்ரெட்ஃபின் ஷாட் என்ற மற்றொரு இரைமீனும் வந்து சேர்ந்தது. 1959-இல் சான் டியாகோவுக்கு வந்த, மிகப் பெரிதாக வளரும் ஃபுளோரிடா பாஸின் இரத்தமும் பின்னாளில் கிளியர் லேக்கின் பாஸில் கலந்தது. கொழுத்த இரை, பெரிதாக வளரும் இனம், வெதுவெதுப்பான ஆழமற்ற நீர் ஆகிய மூன்றும் கூடியதால்தான் பத்துப் பவுண்டு பாஸ் இங்கே எட்டக்கூடிய கனவாயிற்று.

வழக்கமும் அதே காலத்தில் வந்தது. அலபாமாவைச் சேர்ந்த காப்பீட்டு விற்பனையாளர் ரே ஸ்காட் 1967-இல் ஆர்கன்ஸாவின் பீவர் ஏரியில் பணப்பரிசு வைத்துப் பெரும் பாஸ் போட்டியை நடத்தினார். அடுத்த ஆண்டு தூண்டிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான செத்த மீன்கள் எடைமேடையில் குவிவதைக் கண்டு பொதுமக்கள் முகம் சுளித்ததால், 1972 முதல் பிடித்த மீனை உயிரோடு வைத்து எடை பார்த்துத் திரும்ப விடும்படி தம் போட்டிகளில் விதித்தார். காற்று செலுத்தும் தொட்டிகள் படகுகளில் வந்தன. ஒரு தலைமுறைக்குள் பாஸைக் கொன்று தின்பதே நாகரிகமற்ற செயல் என்ற எண்ணம் தூண்டிலாளரிடையே ஊறிப்போயிற்று. இது மதிக்கத்தக்க மாற்றம். ஒரு விளையாட்டு தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டதற்கு நல்ல சான்று. ஆனால் இந்த வழக்கம் காப்பது பாஸை. ஏரியைக் காக்கும் வழக்கம் என்று அதை விரித்துப் பேசும்போது கணக்கு பொருந்தாமல் போகிறது. ஹிட்ச் குஞ்சைத் தின்னும் மீனைக் கவனமாகத் திரும்ப விடுவது ஹிட்சுக்குச் செய்யும் உதவி ஆகாது.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது, பாஸ் வந்து நூறாண்டுகள் ஆகியும் ஹிட்ச் அழியவில்லையே என்பது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், பாஸ் இருந்தபோதே, ஓடையே தெரியாத அளவுக்கு ஹிட்ச் ஏறியதைக் கண்ட முதியவர்கள் உண்டு. உண்மை. ஹிட்சை முதலில் வீழ்த்தியது பாஸ் என்று நானும் சொல்லவில்லை. பழத்தோட்டங்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நிலத்தடி நீரை இறைப்பதால் ஓடைகள் முட்டை பொரியும் முன்பே வற்றுகின்றன. சாலைகளின் குழாய்ப் பாலங்களும் சிறு தடுப்பணைகளும் ஏறும் வழியை மறிக்கின்றன. ஏரியைச் சுற்றியிருந்த சதுப்பின் பெரும்பகுதி போய்விட்டது. இந்த மறுப்பு என் வாதத்தை உடைப்பதற்குப் பதிலாகத் தாங்கவே செய்கிறது. ஓடை ஓடினால் ஹிட்ச் பாஸோடும் வாழும் என்பதற்கு அந்த நூறாண்டுகளே சாட்சி. ஓடையையும் பாஸையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. ஓடை நின்றுபோன பின்புதான், வேட்டைமீன்களின் சிறு அழுத்தமும் மிஞ்சியிருக்கும் கூட்டத்துக்குப் பெரும் அடியாகிறது.

பிழைப்பைப் பற்றிய மறுப்பும் இலேசானது அல்ல. லேக் மாவட்டம் கலிஃபோர்னியாவின் வசதி குறைந்த மாவட்டங்களில் ஒன்று. வசந்தப் போட்டிகள் விடுதிகளையும் கடைகளையும் வாழவைக்கின்றன. யாரும் பார்த்திராத ஒரு கெண்டைக்காக அதைக் கெடுக்கலாமா என்கிறார்கள். முதலாவதாக, பாஸை அகற்றும்படி கேட்பவர் எவருமில்லை; அது இயலாது, தேவையுமில்லை. இரண்டாவதாக, ஹிட்சுக்கு வேண்டிய கோரைக்கரையும் தெளிந்த ஓடைநீரும் பாஸ் குஞ்சுக்கும் வேண்டியவை. சதுப்பு வடிகட்டாத வண்டலும் மணிச்சத்தும் ஏரிக்குள் சேர்ந்து கோடையில் நச்சுப்பாசியாகப் பொங்கும்போது விடுதிக்காரர்தான் முதலில் நட்டப்படுகிறார். ‘யாரும் பார்த்திராத’ என்பதும் சரியில்லை. போமோ மக்கள் அதை விடாமல் பார்த்துவருகிறார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் ஓடைகளில் நடந்து ஹிட்சை எண்ணுவதும், வற்றும் குட்டைகளில் சிக்கிய மீன்களைக் காப்பதும் அவர்கள் செய்யும் வேலை. 2014-இல் மாநில அரசு ஹிட்சை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்ததிலும், மத்திய அரசு 2020-இல் மறுத்த பாதுகாப்பைத் திரும்பக் கேட்டுப் போராடியதிலும் அவர்களுடைய பங்கு பெரிது. 2023 பிப்ரவரியில் மாவட்ட நிர்வாகமே ஹிட்சுக்காக நெருக்கடி நிலையை அறிவித்தது.

கலப்பில்லாத இயற்கை என்று இனி எதுவும் இல்லை, வந்த மீனும் இருந்த மீனும் ஒன்றே என்று சொல்வாரும் உண்டு. பாஸ் இன்று அமெரிக்காவின் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. ஜப்பானிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூட இருக்கிறது. ஹிட்சின் இந்த வகைக்குக் கிளியர் லேக்கை விட்டால் வேறு இடமில்லை. ஸ்பிளிட்டெய்லைத் திரும்பக் கொண்டுவர எந்த ரயில்பெட்டியாலும் முடியாது. இழந்தால் மீளாததற்கு முன்னுரிமை தருவதே நியாயம்.

கிளியர் லேக்கில் படகை இறக்க வருபவர், அன்னிய மட்டி ஒட்டியிருக்கிறதா என்று படகைச் சோதித்து ஒட்டுச்சீட்டு பெற வேண்டும். தூண்டிலாளர்கள் பெரும்பாலும் இதற்கு மனமுவந்து இணங்குகிறார்கள். புதிய உயிர் ஒன்று நுழைந்தால் ஏரி என்ன ஆகும் என்று அறிந்தவர்கள் அவர்கள். அதே அக்கறையை ஓடைகள்வரை நீட்டும்படி அவர்களைக் கேட்கிறேன். போட்டி நடத்தும் சங்கங்கள் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை மீன் ஏறுவதற்குத் தடையாக இருக்கும் குழாய்ப் பாலங்களை மாற்ற ஒதுக்கட்டும். மார்ச் முதல் மே வரை கெல்ஸி, அடோபி ஓடைகளில் குறைந்தபட்ச நீரோட்டம் இருக்க வேண்டும் என்ற விதிக்காக மாவட்டக் கூட்டங்களில் போமோக்களோடு சேர்ந்து நிற்கட்டும். ஏரியின் பெயரால் பெருமை கொள்ளும் ஆயிரக்கணக்கானோர் கேட்டால் நிர்வாகம் செவிசாய்க்கும்; பழங்குடியினர் மட்டும் கேட்டபோது அது பல பத்தாண்டுகள் செவிசாய்க்கவில்லை.